மாலையைக் கழற்றிய பிறகு

கால் மரத்துப்போனதற்கெல்லாம் ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போவானா? நான் போகவில்லை. நான் பஸ் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நாள் முழுக்க நின்றபடியே பிழைக்கிறவன். எனக்குக் கால் மரக்காமல் வேறு யாருக்கு மரக்கும்? அதிலும் கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவன் செருப்புப் போடக் கூடாது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். மார்கழி பிறக்கப்போகிற பனியில் இதையெல்லாம் செய்கிறவனுக்குப் பாதம் மரக்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன். கூட மாலை போட்டவர்களிடம் கேட்டேன். தங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கு இருந்தது குளிர். எனக்கு இருந்தது வேறு. ஆரம்பம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருந்ததுதான் பேஜாரு.

மாலை பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கழுத்தில் மாலை ஏறிவிட்டால் அவனுக்குப் பெயர் கிடையாது. எல்லோரும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவனும் எல்லோரையும் சாமி என்றே கூப்பிட வேண்டும். பெண்டாட்டி, பிள்ளை, மேலதிகாரி, பிச்சைக்காரர் யாராக இருந்தாலும் இதேதான். மற்ற மாதங்களில் பஸ்ஸில் என் பேச்சு வேறு மாதிரி இருக்கும். “உள்ள போய்யா, நடுவுல நின்னுக்கினு இன்னா பண்ற” என்பதுதான் அதிலேயே மரியாதையான வாக்கியம். எனக்குத் திரும்பி வருவதும் அதே தினுசுதான். ஆனால் மாலை போட்ட நாட்களில், காக்கிச் சட்டையும் கறுப்பு வேட்டியுமாகப் படிக்கட்டுப் பக்கம் நின்று, “மெதுவா ஏறுங்க சாமி, படி இருக்குது, பாத்து. வண்டி நிக்கும், அவசரமில்ல” என்பேன். என் வண்டி டிரைவர் தாஸ் முகையூர்க்காரர், கிறிஸ்தவர். இந்தக் குரலைக் கேட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரிப்பார். வருஷம் பூராவும் மாலை போட்டுக்கொண்டே இருந்தால் ஜனங்கள் நன்றாக இருப்பார்கள் என்பார். அவரும் அந்த நாட்களில் என்னைத் தவறாமல் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

எனக்கு அது பிடிக்கும். இதைச் சொல்வதில் என்ன வெட்கம்? என் பெயர் ஏழுமலை. கிளியனூர் காலனிக்காரன். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நான் டேய், யோவ், ஏய் கண்டக்டர். இந்த இரண்டு மாதம் மட்டும் எந்தத் தெருவில் நடந்தாலும் வாங்க சாமி, உக்காருங்க சாமி. எந்த ஊர் என்று கேட்கிறவர்கள்கூட அதற்கு மேல் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

கார்த்திகை நடுவில் எனக்கு ஒரு தடவை வயிற்றால் போனது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது, மறந்தும்விட்டேன். அதற்குப் பிறகுதான் பாதம் மரத்தது. பிறகு கெண்டைக்கால். பிறகு முழங்கால் என் சொல் கேட்காமல் மடங்க ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால், விக்கிரவாண்டி தாண்டி ஒரு அம்மாவுக்கு டிக்கெட் கொடுக்கப் போனால் மெஷினில் பட்டனை அழுத்த விரல் வரவில்லை. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், விரல் பட்டன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மா, “இன்னா சாமி, மெஷின் ரிப்பேரா?” என்றாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கால் படியைத் தேடியது, கிடைக்கவில்லை. விழுந்தேன். தாஸ் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்து என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் சத்துக் குறைவு என்றார். அடுத்தவர் முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கும் என்றார். இரண்டும் வேறு வேறு வரிசை. ஒரு வரிசையில் உட்கார்ந்து முன்னால் வந்தால் இது இல்லை, அடுத்த கட்டடம் என்பார்கள். சக்கர நாற்காலியைத் தாஸ் தள்ள, தகவல் கேட்டு வந்த என் மனைவி மங்கை அட்டைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்தாள். எந்த ஸ்டாப்பிங்கில் இறங்குவது என்று தெரியாத பயணிகளை நான் எத்தனை பேரை முறைத்திருப்பேன். அன்றைக்கு நானே அப்படிப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெண் டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னொரு தரம் தட்டினார். முகம் மாறியது. எப்போதாவது வயிற்றால் போனதா என்று கேட்டார். காலுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றே அட்மிஷன் போட்டுவிட்டார்கள்.

முதுகெலும்பை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அது ஒரு பெரிய காந்தக் குழாய். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்கேன் அறை வாசலில் இருந்த அட்டெண்டர் பணிவாகச் சொன்னார். மாலையில் டாலர் இருக்கிறது, கழற்றினால்தான் உள்ளே விடுவார்களாம். மாலையை மலைக்குப் போய்வந்த பிறகு, அதைப் போட்டுவிட்ட குருசாமிதான் கழற்ற வேண்டும். நடுவில் கழற்றுவதைப் பெரிய அபசகுனமாக நினைப்பார்கள். எனக்கோ கையைக் கழுத்து வரை தூக்கவே முடியவில்லை. மங்கை தொடப் பயந்து நின்றாள். தாஸ் குருசாமிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். அவர் திண்டிவனத்தில் இருந்தார், வந்து சேர்வதற்குள் எங்கள் முறை போய்விடும். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டார். டிரைவர் தாஸ் என்றேன். “அவரையே கழட்டச் சொல்லு. சரணம் சொல்லிட்டு கழட்டட்டும்” என்று சொல்லிவிட்டார்.

தாஸ் இரண்டு கையையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். தனக்குச் சொல்லத் தெரியாதே என்றார். நான் சொன்னேன், அவர் பின்னாலேயே சொன்னார். பிறகு என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாலையை மெல்லத் தூக்கி எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தார். அவருடைய ஜெபமாலையும் அந்தப் பையில்தான் இருந்தது.

கதவு திறந்தது. அதே அட்டெண்டர். “யோவ், கைய ஓரமா வைய்யா” என்றார்.

அவர் மேல் கோபம் இல்லை. நானும் அப்படிப் பேசுகிறவன்தான். ஆனால் அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது, காதருகில் தகரத்தை அடிப்பது போலச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயை நினைத்து வந்ததா, யோவ் என்றதற்கு வந்ததா, இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்ன கரண்ட் வைத்து நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டு போகிறது என்று பார்த்தார்கள். டாக்டரம்மா மங்கையையும் என்னையும் வைத்துக்கொண்டு விளக்கினார். நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம். வயிற்றால் போன சமயத்தில் உள்ளே வந்த கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்பியிருக்கிறது. கிருமி ஒழிந்த பிறகும் படை நிற்கவில்லை. என் நரம்புகளையே கிருமி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் இருப்பது போல நரம்புக்கும் ஒரு உறை உண்டு. அதை உரித்துவிடுகிறது. அதனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

“நடப்பேனா டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“நிறைய பேர் நடந்துடறாங்க. எவ்ளோ நாள் ஆவும்னு இப்ப சொல்ல முடியாது. முதல்ல மூச்சைப் பாக்கணும்” என்றார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு காலை மட்டும் நம்பி நிற்பவனிடம் சொல்ல முடியாது என்றால் என்ன அர்த்தம்? அதைவிட எனக்குக் குழப்பம் வேறு. என் உடம்பே என்னை அடிக்கிறது என்றால் நான் யார் பக்கம்? அடிக்கிறவனும் நான், அடி வாங்குகிறவனும் நான். பஸ்ஸில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் ஒருவனை இறக்கிவிடலாம். இங்கே யாரை இறக்கிவிடுவது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். வீக்கம் மேலே ஏறுவது போல இந்த நோயில் பலவீனம் மேலே ஏறும். நெஞ்சுக்கு வந்துவிட்டால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும். அதற்காக ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று அடிக்கடி பார்த்தார்கள். எனக்கு எண் மட்டும் சொன்னால் ஓடாது. கண்ணை மூடிக்கொண்டு என் வண்டியில் தலைகளை எண்ணுவேன். முன் சீட்டிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு. முதல் நாள் கடைசி நீள சீட் வரை போய்விட்டேன். அடுத்த நாள் பின் படிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் வண்டியின் நடுக்கம்பியைத் தாண்ட முடியவில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கை நின்று கையைக் காட்டினாள். நான் பதிலுக்குக் கை காட்ட நினைத்தேன். கை எழவில்லை. செத்துவிடுவேன் என்று பயந்தேன். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பயந்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் எனக்கு ஏற்றிய மருந்து கண்ணாடி பாட்டிலில் வந்தது. மிகவும் விலை கூடியது. காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டது. மங்கையின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். கேட்டதற்குக் காது புண்ணாகிவிட்டது, காற்றாட விட்டிருக்கிறேன் என்றாள். மருந்து எதில் செய்வது என்று நர்ஸைக் கேட்டேன். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதாம். யாருடைய ரத்தம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாதாம். அது புகுந்து, கிளம்பின படையைச் சாந்தப்படுத்துமாம். ஒரு பஸ் கூட்டம் மொத்தமும் என் கைக்குள் சொட்டுச் சொட்டாக ஏறுவதாக நினைத்துக்கொண்டேன். மருந்து முடிந்த மறுநாள், எண்ணும்போது நடுக்கம்பியைத் தாண்டி இரண்டு சீட் போனேன். நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்தார்.

கிறிஸ்துமஸ் அன்று வார்டுக்கு மாற்றினார்கள். நர்ஸ்கள் வார்டு மூலையில் குடில் வைத்து ஸ்டார் தொங்கவிட்டிருந்தார்கள். தாஸ் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு கேக்கும் கலகலா பலகாரமும் எடுத்துக்கொண்டு நேராக இங்கேதான் வந்தார். கேக்கை விண்டு என் வாயில் ஊட்டினார். நோன்பு நினைப்பில் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டேன். முட்டை போட்டிருப்பார்களே. பிறகு மாலைதான் இல்லையே என்று ஞாபகம் வந்தது. சாப்பிட்டேன். இனித்தது, கஷ்டமாகவும் இருந்தது.

பார்க்க வந்தவர்கள்தான் என் உயிரை எடுத்தார்கள். பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு எல்லோரும் கேட்டது ஒன்றேதான். விரதத்தில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா? நானும் படுத்தபடி தேடினேன். ஒரு நாள் குளிக்க நேரமானது. ஒரு நாள் குடிகாரப் பயணி ஒருவனைத் திட்டிவிட்டேன். அதற்கா இரண்டு காலையும் பிடுங்கிக்கொள்வார்கள்? டாக்டர் கிருமி என்கிறார், ஊர் தப்பு என்கிறது. பகலில் டாக்டரை நம்புவேன். விளக்கணைத்த பிறகு ஊரை நம்புவேன். ஒரு சொந்தக்காரப் பெண்மணி என்னை விட்டுவிட்டு மங்கையிடம் திரும்பினாள். வீட்டில் சுத்தபத்தமாக இருந்தீர்களா என்று கேட்டாள். மங்கை தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் காவ்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துக் கட்டிலில் பனமலைக்காரர் ஒருவர் இருந்தார். சொந்த நிலம் வைத்திருப்பவர். வாதம் வந்து ஒரு கை விழுந்திருந்தது. வந்த அன்றே பேச்சுக் கொடுத்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“கிளியனூருங்க.”

“கிளியனூர்ல எந்தத் தெரு?”

வெறும் கழுத்தோடு படுத்திருந்தேன். “காலனிங்க” என்றேன். அவர் ம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மங்கை மருந்து வரிசையில் நின்றபோது அவருடைய சம்சாரம் கேப்பைக் கஞ்சியைத் தன் வீட்டுக்காரர் டம்ளரிலேயே ஆற்றி என் வாயில் புகட்டினார். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் அவரே, “அந்தத் தம்பிக்கும் ஊத்து” என்றார். அதற்குப் பிறகு, மல்லாட்டை, நிலக்கடலைதான், போட்டிருந்த அவருடைய காட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். களை எடுக்கிற நேரத்தில் படுத்துக்கிடக்கிறோமே என்பதுதான் அவர் கவலை.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க நிவேதா என்று ஒரு பிசியோதெரபிப் பெண் வருவார். காலை மடக்கி நீட்டுவார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுப்பார். புது வருஷம் பிறந்ததும் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். பண்டிகைக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு மனசு விட்டுப்போகுமாம். அதனால் பயிற்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் தியானம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் நன்றி சொல்ல வேண்டியவற்றை நினைக்க வேண்டும். பிறகு நமக்குப் பிரியமான ஒருவர் இந்தக் கட்டிலில் இருந்தால் அவரிடம் என்ன சொல்வோமோ, அதை நெஞ்சில் கைவைத்து நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். என் கை நெஞ்சு வரை போகாது. அவரே எடுத்து வைத்துவிடுவார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதலில் நன்றி. இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. சில்லறை சரியாகக் கொடுத்தால் அதுதான் நன்றி. யாருக்குச் சொல்வது? கை லேசாக அசைகிறதே என்று சாமிக்குச் சொன்னால், கால் அசையாததற்கு யாரைக் கேட்பது? பனமலைப் பெரியவர் கண்ணைத் திறக்காமலே, “களை மண்டிக்கினு கெடக்குது, நன்றியாம்” என்று முணுமுணுத்தார். நான் சிரித்துவிட்டேன். நிவேதா கோபப்படவில்லை. சிரித்ததையும் நன்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டாவது அதைவிட மோசம். எனக்கே நான் அன்பாக என்ன சொல்வது? கண்ணை மூடினால் வாயில் வருவது, “டேய் ஏழுமலை, மரத்த கால வச்சிக்கினு ஏன்டா ஊர் சுத்தின, அறிவிருக்குதா?” என்பதுதான். அடுத்தது இதைவிடக் கெட்ட வார்த்தை. தியானம் முடிந்து கண்ணைத் திறந்தால் ஒரு டிரிப் சண்டை போட்டு இறங்கினவன் மாதிரி எனக்கு மூச்சு வாங்கும். இதற்கு நான் லாயக்கில்லை என்று நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, திட்டுகிறீர்கள் என்று தெரிகிறது இல்லையா, அது போதும் என்றார். அது எப்படிப் போதும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

போகிக்கு முந்தைய நாள் காவ்யா தனியாக வந்தாள். மங்கை வீட்டை வெள்ளையடிக்காவிட்டாலும் கூட்டியாவது வைக்கிறேன் என்று ஊருக்குப் போயிருந்தாள். காவ்யா எனக்குச் சாதம் ஊட்டினாள். பாதியில் நிறுத்தினாள். சொல்லவா வேண்டாமா என்று தவித்து, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

“அப்பா, மாலை போட்டிருந்தப்ப ஒரு நாள் உங்களுக்கு நாந்தான் தண்ணி குடுத்தேன். அன்னிக்கு நான் குடுக்கக் கூடாது. அம்மாவும் வீட்ல இல்ல, நீங்க டூட்டிக்கு அவசரமா நின்னீங்க. அதனாலதானாப்பா இப்படி ஆச்சு?”

எத்தனை நாளாக இந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டு திரிகிறது! சுத்தபத்தம் பேசியவளை அப்போது எதிரில் பார்த்திருந்தால் படுத்தபடியே கடித்திருப்பேன். என் கை அவள் தலை வரை போகவில்லை. வாய்தான் இருந்தது.

“உன் மேல தப்பே இல்லம்மா. வயித்துல கிருமி போச்சு, உடம்பு ஆளு தெரியாம அடிச்சிக்கினு இருக்குது. டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? தாகத்துக்குத் தண்ணி குடுத்த புள்ளைய எந்த சாமியும் தண்டிக்காது. நீ மனசுல எதுவும் வச்சிக்காத, சாப்புடு.”

அவள் அழுதாள். பிறகு எனக்கு வைத்திருந்த சாதத்தில் பாதியை அவளே சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். சொன்ன எனக்குத்தான் அதிர்ச்சி. விளக்கணைத்த பிறகு நானே நம்பாத ஒன்றை எவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டேன்!

போகி அன்று வார்டு பாதி காலி. நடக்க முடிந்தவர்கள் எல்லாம் பொங்கலுக்கு வீடு போய்விட்டார்கள். பனமலைப் பெரியவரும் நானும் இன்னும் சிலரும்தான். நிவேதா வழக்கம் போல என் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். மூச்சைக் கவனித்தேன். பிரியமானவரிடம் சொல்வதைச் சொல்லுங்கள் என்றார். காவ்யாவிடம் முந்தின நாள் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. உன் மேல தப்பில்ல. இதை எனக்குச் சொல்லிப் பார்த்தேன். டேய் ஏழுமலை, உன் மேல தப்பில்லடா. டேய் என்றதும் பழைய சண்டைக்காரன் எழுந்துகொண்டான். ஏழுமலை என்று மட்டும் சொன்னேன். அட்டெண்டன்ஸ் கூப்பிடுவது போல இருந்தது, ஒட்டவில்லை. என்னை நான் எப்படித்தான் கூப்பிடுவது? என்னை யாராவது ஒருநாளாவது நல்லவிதமாகக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று யோசித்தேன்.

அப்போது என் குரலே கேட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு நடுவில் மூட்டையோடு ஏறுகிறவர்களிடம் நான் சொன்ன அதே குரல். மெதுவா சாமி. படி இருக்குது, பாத்து. வண்டி நிக்கும், அவசரமில்ல.

கழுத்தில் மாலை இல்லை. யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. நானேதான் சொன்னேன், எனக்கேதான் சொன்னேன். சொல்லலாமா, கூடாதா, அது முறைதானா, எதுவும் தெரியவில்லை. நெஞ்சில் இருந்த கை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அழுதேன். ஸ்கேன் குழாய்க்குள் அழுத அழுகை இல்லை இது. அது அடைத்துக்கொண்டு வந்தது, இது தன் பாட்டுக்கு வழிந்தது. பெரியவர் தன் நல்ல கையை நீட்டித் துண்டைக் கொடுத்தார்.

அடுத்த நாள் பொங்கல். மங்கை டப்பாவில் பொங்கலும் ஒரு கரும்புத் துண்டும் கொண்டுவந்தாள். சாயந்திரம் வார்டு டிவியில் சபரிமலை மகரஜோதி காட்டினார்கள். எங்கள் குழு அங்கே மலையில் நின்றிருக்கும். நான் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தேன். நன்றி சொல்லத் தேட வேண்டியிருக்கவில்லை. பாட்டிலில் வந்த பெயர் தெரியாத ரத்தம், பேண்ட்டில் துடைத்துக்கொண்ட தாஸின் கை, கேப்பைக் கஞ்சி, மங்கையின் வேப்பங்குச்சி. யாருக்குச் சொல்வது என்ற குழப்பம் மட்டும் அப்படியே இருந்தது. சும்மா சொல்லிவைத்தேன்.

நான் தேறியது மருந்தாலா, நாளாலா, தியானத்தாலா, சாமியாலா என்று கேட்காதீர்கள். மருந்தும் நாளும் என்று டாக்டரம்மா சொல்கிறார். அதை நம்புகிறேன். உரிந்த உறை மெல்ல மெல்லத் திரும்ப வளருமாம். தை முடிவதற்குள் உட்கார்ந்தேன். சித்திரையில் வாக்கர் பிடித்து நின்றேன். பிறகு ஒரு கைத்தடி. ஒவ்வொரு தடவை கால் மடங்கும்போதும் வாயில் முதலில் டேய் வரும். பிறகுதான் மற்றது வரும். இன்னமும் அப்படித்தான். இப்போது எனக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் அறையில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்டிகளுக்கு நடுவே ஓய்வு கிடைக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன். கார்த்திகை வரப்போகிறது. மாலை போடுவீர்களா என்று மங்கை கேட்கிறாள். தெரியவில்லை என்கிறேன்.

போன வாரம் மறுபரிசோதனைக்கு விழுப்புரம் போக வேண்டியிருந்தது. காரெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். விழுந்த அன்றைக்குப் பிறகு பஸ் படியில் நான் கால் வைக்கவில்லை; வேலைக்குக்கூட ஷேர் ஆட்டோவில்தான் போய்வந்தேன். மங்கை பின்னால் நின்றாள். கைத்தடியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தேன். வலது கால் ஏறிவிட்டது. இடது கால் தரையிலேயே நின்றது. பின்னால் கூட்டம் நெருக்கியது. புதிதாக வந்த கண்டக்டர், என்னைத் தெரியாதவர், மேலே நின்றுகொண்டு கத்தினார்.

“ஜல்தி ஏறுய்யா, படியில நின்னுக்கினு பேஜாரு பண்ணாத.”

நான் சொல்ல வேண்டிய வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. இடது கால் நடுங்கியது. நாக்கு நுனியில் டேய் வந்து நின்றது. அதை விழுங்கினேன். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தேன்.

“மெதுவா சாமி. படி இருக்குது, பாத்து. வண்டி நிக்கும், அவசரமில்ல” என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கண்டக்டர் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டார். என் கழுத்தைப் பார்த்தார். பின்னால் நிற்பவர்களின் கழுத்தையும் பார்த்தார். யாரிடமும் மாலை இல்லை.

“யாரை சாமின்றீங்க?” என்றார்.

“என்னைத்தான்” என்றேன்.

அவர் வாய்க்குக் கொண்டுபோன விசிலை இறக்கிவிட்டார். வண்டி கிளம்பாமல் நின்றது. இடது கால் தரையை விட்டுக் கிளம்பியது. நான் ஏறினேன்.